உமா மகேஸ்வரியின் வண்டியும் கத்திரி வெயிலும்

தென்காசியில் பார்சல் அனுப்பப் போகிறவர்களுக்கு உமா மகேஸ்வரியைத் தெரியாமல் இருக்காது. தபாலாபீஸ் கவுண்டரில் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டு, நீட்டுகிற பொட்டலத்தைத் தராசில் வைப்பதற்கு முன்னால் "உள்ள என்ன இருக்கு?" என்று கேட்பாளே, அவளேதான். துணி என்று சொன்னால் விட்டுவிடமாட்டாள். என்ன துணி, துணிக்குள் என்ன, பாட்டில் ஏதும் சுற்றி வைத்திருக்கிறதா என்று கேள்வி கிளை விட்டுக்கொண்டே போகும். குற்றாலத்துக்குக் குளிக்க வந்தவர்கள் மூலிகைத் தைலத்தைத் துண்டில் சுருட்டிக்கொண்டு வந்து, "வெறும் துண்டுதான் மேடம்" என்பார்கள். உமா அதை மோந்து பார்த்துவிட்டு, "துண்டு நல்லா வாசமா இருக்கே" என்று வந்த வழியே திருப்பிக் கொடுப்பாள்.

இத்தனை கேள்வி கேட்கத் தெரிந்தவள், தன் சொந்த வண்டி விஷயத்தில் மட்டும் கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காமல், பங்குனி பாதியிலிருந்து சித்திரை முழுக்க ஊரார் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதுதான் வேடிக்கை.

வண்டி என்றால் மோர் நிறத்தில் ஒரு பழைய பெட்ரோல் அம்பாசிடர். செங்கோட்டையில் ஒரு டாக்டர் வீட்டுக் கொட்டகையில் சும்மா நின்றதைப் போய்ப் பேசி வாங்கி வந்தாள். அப்போது அவளுக்கு ஐம்பதை நெருங்கும் வயது, லைசென்ஸ் கைக்கு வந்த புதிது. சின்னதாகப் புதுவண்டி ஒன்று வாங்கேன் என்று சொல்லாதவர்கள் இல்லை. "சின்ன வண்டியில ஏறுனா கட்டைப் பையைக்கூட மடியிலதான் வச்சுக்கிடணும். என் வீட்டு ஆளுக எல்லாரும் காலை நீட்டி உக்காரணும்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள். அதற்கப்புறம் அவள் குடியிருக்கும் மேலகரத்தில் யாரும் வாயைத் திறக்கவில்லை. உமாவிடம் வாயைக் கொடுத்து மீண்டவர்கள் குறைவு.

அவள் வீட்டுக்காரர் கௌரிசங்கர் மேலகரத்திலேயே மருந்துக் கடை வைத்திருக்கிறார். சாதுவான மனிதர். வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை. ஆனால் முன்சீட்டில் இடது பக்கம் உட்கார்ந்துகொண்டு, இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்து மிதித்து அந்த இடத்து விரிப்பை ஓட்டையாக்கிவிட்டார். ஒவ்வொரு பயணமும் அவருக்கு அரை நாள் வேலை செய்த அலுப்பு.

வெள்ளிக்கிழமைதோறும் விடிந்ததும் வண்டிக்குக் குளியல். குளித்த வண்டிக்குச் சந்தனத்தைக் குழைத்து, மேலே குங்குமம் வைத்து, முன்மூக்கில் ஒரு பொட்டு, ஸ்டியரிங்கில் ஒன்று, நாலு சக்கரத்துக்கும் ஒவ்வொன்று, டிக்கியில் ஒன்று. போன கார்த்திகையிலிருந்து இதில் இன்னொரு பொட்டு கூடியது. அதற்குக் காரணம் திருவேங்கடத்தில் வாக்கப்பட்டிருந்த அவள் ஒரே மகள் குழலி. அவள் போன் போட்டு, "யம்மா, டாக்டர் உறுதின்னு சொல்லிட்டாங்க" என்றதும் உமா முதலில் அழுதாள், பிறகு சிரித்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை வண்டியைக் குளிப்பாட்டும்போது பின்பக்கத்துப் பெட்ரோல் டேங்கைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீயும் வயித்துல சுமக்குறவதானே. என் பிள்ளையையும் பாத்துக்கோ தாயே" என்று சொல்லி, டேங்க் மூடியின் நடுமத்தியில் சந்தனத்தை அப்பி, குங்குமத்தை அழுத்தினாள்.

மற்ற பொட்டுகள் வாராவாரம் குளியலில் கரையும், புதிதாக வைப்பாள். இந்தப் பொட்டை மட்டும் கழுவ மனம் வரவில்லை. வயிற்றுப் பிள்ளைக்காக வைத்த பொட்டை அழிப்பார்களா? அதனால் அதைச் சுற்றிக் கழுவி, பழசின் மேலேயே புதுசை வைத்து வந்தாள். கார்த்திகை, மார்கழி, தை, மாசி என்று பொட்டின் மேல் பொட்டாக ஏறி, மூடியின் நடுவே அது சீடை கனத்துக்கு இறுகிப்போய் உட்கார்ந்திருந்தது.

பங்குனி பாதியில் வண்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. காலையில் ஒரு குறையும் இருக்காது. ஆபீஸ் போய்வரவும் இருக்காது. வெயில் ஏறின பிறகு கொஞ்சம் தூரமாகப் போனால்தான் வினை. ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி பாயாது. ஒரு கணம் யோசிக்கும். அப்புறம் ஒரு குலுக்கு, மறுபடி யோசனை. கடன் கேட்கப் போனவன் வாசலில் நின்று முழுங்குவதுபோல முழுங்கிக்கொண்டே நகர்ந்து, கடைசியில் ஓரமாகப் போய் உயிரை விட்டுவிடும். கொஞ்ச நேரம் காய விட்டால், ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும்.

உமா அதை இசக்கிமணியின் பட்டறைக்குக் கொண்டுபோனாள். இசக்கிமணி பழைய வண்டி என்றால் சந்தோஷப்படுகிற மெக்கானிக். பிளக்கை மாற்றினான், கார்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தான். ஓட்டிப் பார்க்கப் பட்டறையிலிருந்து பழைய பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போனான். அந்தத் தூரத்துக்கு வண்டி மாதிரி உத்தமி உண்டா? ஒழுங்காகப் போய் ஒழுங்காக வந்தது.

"அக்கா, டேங்க்ல இருந்து பெட்ரோலை இழுத்துக் குடுக்குற பம்பு இருக்குல்லா, அது எஞ்சின் பக்கத்துலயே இருக்கு. வெயில்ல சூடாகி, பெட்ரோல் உள்ளுக்குள்ளயே ஆவியாயிருது. ஆவியை எஞ்சின் குடிக்குமா? அதான் திக்குது" என்றான். பம்பையும் பிரித்து உள்வேலை பார்த்துக் கொடுத்தான். அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் முக்கால் உண்மை. மிச்சக் கால் உண்மையை அவனும் தேடவில்லை, இவளும் கேட்கவில்லை.

சூடு என்ற வார்த்தை காதில் விழுந்ததும் கௌரிசங்கருக்கு உற்சாகம் வந்துவிட்டது. அது அவருடைய இலாகா. "காய்ச்சல்னு சொல்லு. ஈரத்துணி போட்டா இறங்கிரும்" என்று அன்றைக்கே ஒரு பழைய வேட்டியைக் கிழித்து, வாளியும் தண்ணீருமாக டிக்கியில் ஏற்றிக்கொண்டார். வண்டி நிற்கும். அவர் இறங்கி, பானெட்டைத் திறந்து, பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றி, பக்கத்திலேயே நின்று விசிறிவிடுவார். கொஞ்ச நேரத்தில் வண்டி கிளம்பிவிடும். "பாத்தியா?" என்பார். எதிர்வீட்டில் வளைகுடாவிலிருந்து வந்திருந்த ஒருவர், பெட்ரோல் குழாயில் வரிசையாகத் துணி கிளிப் மாட்டினால் சூடு இறங்கும் என்றார். அதையும் மாட்டினார்கள். பானெட்டைத் திறந்தால் கொடியில் துணி காயப்போட்ட வீடு போல இருந்தது. இன்னொருவர், இப்போது வருகிற பெட்ரோலில் எதையோ கலக்குகிறார்கள் என்றார். வண்டிக்கு வயசாகிவிட்டது, விற்றுவிடு என்று சொன்னவர்கள்தான் அதிகம். அந்தப் பேச்சை மட்டும் உமாவால் பொறுக்க முடியவில்லை. அவளுக்கும் அந்த வண்டியின் வயதைவிடக் கூடுதலான வயதுதான்.

இப்படியிருக்கையில் சித்திரைக் கடைசியில், கத்திரி வெயிலில், குழலிக்கு வளைகாப்பு நாள் குறித்தார்கள். புதன்கிழமை. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று சம்பந்தி நாறும்பூநாதனே போனில் சொன்னார். திருவேங்கடத்தில் மிளகாய் வற்றலும் பருத்தியும் வியாபாரம் செய்கிறவர். தங்கமான மனிதர், ஆனால் மெதுவாகப் பேசத் தெரியாது. போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்துத்தான் கேட்க வேண்டும்.

"வளைகாப்பு முடிஞ்சு பிள்ளையை நீங்க கூட்டிட்டுப் போகப் போறிய, சந்தோஷம். ஆனா அந்தப் பழைய வண்டியில வேண்டாம் சம்பந்தியம்மா. நடுவழியில நின்னா வாயும் வயிறுமா இருக்குறவளை வெயில்ல எங்கன நிறுத்துவிய? எங்க கார்ல ஏசி இருக்கு, உங்க மாப்பிள்ளை முத்துகுமரன் கொண்டாந்து விடுவான்."

உமா பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து குழலியின் குரல் கேட்டது. "மாமா, நான் எங்கம்மா வண்டியிலதான் போவேன். அம்மாதான் ஓட்டணும்."

அதைக் கேட்டதும் உமாவுக்குத் தன் வளைகாப்பு ஞாபகம் வந்தது. குழலியைச் சுமந்துகொண்டு அவள் பிறந்தவீடு போனபோது, கை நிறைய வளையலோடு பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு போனவள். இடம் கொடுக்க யாரும் எழுந்திருக்கவில்லை. தன் மகள் காலை நீட்டி உட்கார்ந்து வர வேண்டும், அதுவும் தான் ஓட்டுகிற வண்டியில் வர வேண்டும் என்பது அவளுக்கு ஆசை இல்லை, வைராக்கியம்.

"அண்ணாச்சி, ஒண்ணு செய்வோம்" என்றாள். "நான் என் வண்டியிலதான் வாரேன். பிள்ளையை அதுலதான் கூட்டிட்டும் போவேன். உங்க கார் பின்னாலேயே வரட்டும். வழியில எங்கனயாவது எம் வண்டி நின்னுட்டுன்னா, அங்கனயே குழலி உங்க கார்ல மாறிக்கிடட்டும். அந்த வண்டியையும் நான் அந்த வாரமே வித்துருதேன்."

"வாக்கு?"

"வாக்கு."

பக்கத்தில் நின்ற கௌரிசங்கர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அந்தப் புதன்கிழமை விடிவதற்கு முன்பே புறப்பட்டார்கள். டிக்கி நிறையத் தூக்குச்சட்டிகள். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு, நடுவில் கௌரிசங்கரின் வாளியும் வேட்டித்துணியும். காலைக் குளிரில் வண்டி மயில் மாதிரி போனது. கடையநல்லூர், புளியங்குடி, சங்கரன்கோவில் எல்லாம் தாண்டித் திருவேங்கடத்தில் சம்பந்தி வீட்டு வாசலில் போய் நின்றபோதுகூட ஒரு முக்கல் முனகல் இல்லை. "நின்னுச்சா?" என்று உள்ளேயிருந்தே கத்திக்கொண்டு வந்தார் நாறும்பூநாதன். "வாசல்லதான் நின்னுச்சு அண்ணாச்சி" என்றாள் உமா.

வளைகாப்பு சிறப்பாக நடந்தது. குழலி வயிற்றைத் தாங்கி மணையில் உட்கார்ந்திருந்தாள். முழங்கை வரை வளையல் ஏறியது. கன்னமெல்லாம் சந்தனம். உமா மகளுக்கு முதல் வளையலைப் போடும்போது அழமாட்டேன் என்று நினைத்திருந்தாள், அழுதாள். சாப்பாடு முடிந்ததும் உடனே கிளம்ப முடியவில்லை. ராகுகாலம் கழிய வேண்டும். சரி, சாயங்காலம் வெயில் தாழக் கிளம்பலாம் என்றால் அதுவும் ஆகாது, விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பிள்ளைத்தாய்ச்சி வீடு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்றார்கள். ஆக, காக்கை நிழல் தேடுகிற மொட்டை வெயிலில்தான் புறப்பட வேண்டியதாயிற்று. நல்ல நேரம் பார்க்கிறவர்கள் தெர்மாமீட்டர் பார்ப்பதில்லை.

பின்சீட்டில் குழலி, இரண்டு தலையணை. முன்னால் உமாவும் கௌரிசங்கரும். பின்னால் வெள்ளை நிறப் புதுக்காரை மாப்பிள்ளை முத்துகுமரன் ஓட்டிக்கொண்டு வந்தான். பக்கத்தில் நாறும்பூநாதன். பந்தயத்தை நேரில் பார்க்காமல் அவரால் வீட்டில் இருக்க முடியுமா?

சங்கரன்கோவில் வரை வண்டி கொடுத்த வாக்கைக் காப்பாற்றியது. ஊரைத் தாண்டிப் பொட்டல் தொடங்கியது. இரண்டு பக்கமும் கரிசல் காடு வெடித்துக் கிடந்தது, ரோட்டில் கானல் ஓடியது. ஒரு லாரியை முந்தலாம் என்று உமா ஆக்சிலேட்டரை அழுத்தினாள்.

வண்டி யோசித்தது.

உமா காலை எடுத்து, மெல்ல மறுபடி வைத்தாள். ஒரு குலுக்கு. கௌரிசங்கர் அவள் முகத்தைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். இரண்டு பேரும் பின்சீட்டுக்குத் தெரியாமல் கண்ணாலேயே பேசிக்கொண்டார்கள்.

"யம்மா, திக்குதோ?" என்றாள் குழலி.

"ரோடு சரியில்லட்டி."

ரோடு கண்ணாடி மாதிரி இருந்தது. வண்டி முழுங்கி முழுங்கிப் போயிற்று. பின்னால் வெள்ளைக்கார் லைட்டைப் போட்டு அணைத்தது. புளியங்குடிக்கு முன்னால் ஒரு பெட்ரோல் பங்க் தெரிந்தது. உமா உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, வண்டி நிற்பதற்கு முன் அதற்குள் திருப்பிவிட்டாள்.

"பெட்ரோல் போடணும்" என்று சத்தமாகச் சொன்னாள். டேங்கில் பாதிக்கு மேல் இருந்தது. பொய் சொன்னது அவளுக்கும் தெரியும், வண்டிக்கும் தெரியும்.

கௌரிசங்கர் வாளியோடு இறங்கி பானெட்டைத் திறக்கப் போய்விட்டார். எப்போதும் பங்க்கில் சாவியை வாங்கி மூடியைத் திறப்பது அவர்தான். உமா சீட்டை விட்டு இறங்கியதே இல்லை. இன்றைக்கு பங்க்கில் நின்ற பெண்ணுக்கு மூடி அசைந்துகொடுக்கவில்லை. "அக்கா, கவ்விப் பிடிச்சிருக்கு, நீங்க வந்து பாருங்க" என்றாள். உமா இறங்கிப் போய், மூடியின் ஓரத்துச் சாவித் துவாரத்தில் சாவியைப் போட்டு, இரண்டு கையாலும் முறுக்கினாள். மூடி ஒரு நெல் விலகியது.

புஸ்ஸ் என்று ஒரு சத்தம்.

அந்தச் சத்தம் அவளுக்குப் புதிதில்லை. ஒவ்வொரு தடவையும் சீட்டிலிருந்தே கேட்டிருக்கிறாள். வண்டி பெருமூச்சு விடுகிறது என்று நினைத்துக்கொள்வாள். இப்போது பக்கத்தில் நின்று கேட்கும்போது தபாலாபீஸில் கேள்வி கேட்கிற புத்தி விழித்துக்கொண்டது. காற்று உள்ளேயிருந்து வெளியே வருகிறதா, வெளியே இருந்து உள்ளே போகிறதா? மூடியைக் கொஞ்சம் விலக்கிப் பிடித்து, முந்தானை நுனியை அந்த இடுக்கில் வைத்தாள். டேங்க் முந்தானையை வெடுக்கென்று உள்ளே உறிஞ்சியது.

உமா அப்படியே நின்றுவிட்டாள். சூடான டேங்க் என்றால் ஆவி வெளியே அல்லவா சீற வேண்டும்? இது தாகத்தோடு காற்றை இழுக்கிறது. ஏன்?

வீட்டில் எண்ணெய் டின் வாங்கினால் அவள் இரண்டு ஓட்டை போடுவாள். ஒரு ஓட்டை மட்டும் போட்டால் எண்ணெய் திக்கித் திக்கித்தான் விழும், கொஞ்சத்தில் நின்றேபோகும். எதிர்ப்பக்கம் இன்னொன்று குத்தி, காற்று உள்ளே போக வழி விட்டால்தான் ஒழுங்காக ஊற்றும். இது எந்தப் பெண்ணுக்குத் தெரியாது? பெட்ரோல் போகப் போக டேங்குக்குள்ளும் காற்று வர வேண்டுமே. அந்த வழி எங்கே?

மூடியைக் கழற்றித் திருப்பிப் பார்த்தாள். உள்பக்கம் நடுவில் ஊசி நுழைகிற மாதிரி ஒரு துளை. அந்தத் துளை மறுபக்கம் எங்கே வெளியே வர வேண்டும் என்று திருப்பினாள். அங்கே, நடுமத்தியில், கார்த்திகையிலிருந்து அவள் தன் கையாலேயே அப்பின சந்தனமும் குங்குமமும் கல்லாக உட்கார்ந்திருந்தன.

அவளுக்கு எல்லாம் வரிசையாகப் புரிந்தது. காற்று இல்லாமல் டேங்க் பெட்ரோலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறது, பம்பு எதிர்ப்பக்கம் இழுக்கிறது. குளிர்காலத்தில் அது எப்படியோ சமாளித்தது. வெயிலில் ஏற்கெனவே கொதிக்கத் துடிக்கிற பெட்ரோல், இந்த இழுபறியில் சீக்கிரமே ஆவியாகிறது. கிட்டத்தில் போய்வந்தால் தெரியாது, தூரம் போனால்தான் தெரியும். நின்று காத்திருக்கும்போது எங்காவது ஒரு கசிவில் காற்று மெல்லப் புகுந்து சரியாகிவிடும். அந்தப் பெருமையை இத்தனை நாளும் வேட்டித்துணி தட்டிக்கொண்டு போயிருக்கிறது! பெட்ரோல் போட்டபின் வண்டி நன்றாக ஓடினதெல்லாம் மூடி திறந்ததால்தான்.

சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. வந்த வேகத்திலேயே அடங்கியும் போயிற்று. சுரண்டி எடுக்க வேண்டும். எதை? மகள் வயிற்றுக்காக வைத்த பொட்டை. என்றைக்கு? அவளுக்கு வளைகாப்பு நடந்த அதே நாளில். நகத்தை அதன் ஓரத்தில் வைத்தாள், கை ஓடவில்லை. படித்தவள், அரசாங்க உத்தியோகம் பார்க்கிறவள், துளைக்கும் பொட்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு நடு வெயிலில் நின்றாள். பயமாகத்தான் இருந்தது.

"என்ன சம்பந்தியம்மா, நின்னுட்டா?" என்று நாறும்பூநாதன் வெள்ளைக் காரிலிருந்து இறங்கி வந்தார். பங்க் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

வளையல் குலுங்கக் குழலியும் இறங்கி வந்தாள். உமா மறைக்கப் பார்த்தாள், முடியவில்லை. மூடியைக் காட்டி மென்று முழுங்கிச் சொன்னாள். "நீ உண்டானதுல இருந்து வாராவாரம் வச்சேன். உனக்காக வச்சது. அதுதான் அடைச்சிருக்கு. அதை எப்படிட்டி நான் அழிக்க?"

குழலி அம்மாவைப் பார்த்தாள், மூடியைப் பார்த்தாள். "எனக்காக வச்சதுதானே? அப்பம் நானே எடுத்தா தப்பில்ல" என்று கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள். "இங்கரு, எனக்கு மூச்சு முட்டுனா நீ பொட்டைப் பாத்துக்கிட்டு இருப்பியா, ஜன்னலைத் திறப்பியா?"

உமா மூடியை மகள் கையில் கொடுத்தாள்.

ஊசியின் முனைக்குச் சந்தனம் பெயர்ந்து பெயர்ந்து விழுந்தது. ஒவ்வொரு மாதத்துப் பொட்டாகக் கழன்றது. கடைசியில் துளை தெரிந்தது. குழலி ஊசியை விட்டுக் குடைந்து, துடைத்து, அம்மாவிடம் நீட்டினாள். உள்ளங்கையில் உதிர்ந்த சந்தனத்தை அவள் கீழே போடவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீரில் குழைத்துத் தன் நெற்றியில் ஒரு கீற்று, அம்மா நெற்றியில் ஒரு கீற்று வைத்தாள். "அழிக்கலை, இடம் மாத்திருக்கேன்" என்றாள். "இனிமே வச்சா ஓரமா வையி."

நாறும்பூநாதனுக்கு விஷயம் ஏற ஒரு நிமிடம் ஆனது. ஏறியதும் அவர் சிரிக்கவில்லை. முகம் மாறிப்போய், போனை எடுத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டார்.

"ஏட்டி! நம்ம டிராக்டர் டேங்க் மூடியில சந்தனம் வச்சிருக்கியா? எத்தனை வருசமா? அதைச் சுரண்டி எடு! இப்பமே எடு! டிரைவர் சரியில்லன்னு ரெண்டு பேரை மாத்திட்டேனட்டி!"

பங்க்கே சிரித்தது. உமாவுக்குக் கண்ணில் நீர் வரும்வரை சிரிப்பு. பானெட்டுக்கு அந்தப்பக்கம் கௌரிசங்கர் மட்டும் இன்னும் விசிறிக்கொண்டிருந்தார். அவரிடம் போய், "துணியை எடுங்க" என்றாள்.

"எடுத்தா நின்னுருமே."

"எடுங்க. கிளிப்பையும் கழத்துங்க."

வேட்டித்துணி வாளிக்குப் போயிற்று. நாறும்பூநாதன் தொண்டையைச் செருமினார். "பங்க்ல நீங்களா நிறுத்துனது கணக்கில்ல. ஆனா பந்தயம் இன்னும் முடியலை. கடையநல்லூர் வரைக்கும் வெயில் கிடக்கு. பிள்ளை உங்க வண்டியிலயே ஏறட்டும். நாங்க பின்னாலேயே வாரோம்."

அங்கிருந்து உமாவின் காது முழுக்க எஞ்சினில். புளியங்குடி தாண்டியது. வெயில் கண்ணைக் குத்தியது, ஸ்டியரிங் தொட முடியாமல் சுட்டது. முன்னால் ஒரு பஸ். இதுதான் சமயம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். வண்டி யோசிக்கவே இல்லை. பஸ்ஸைத் தாண்டி, அதற்கு முன்னால் போன வைக்கோல் லாரியையும் தாண்டி, ஒரே மூச்சில் போயிற்று. கடையநல்லூர் வந்தது, போனது. கௌரிசங்கர் கண்ணாடி வழியே பின்னால் பார்த்து, "மாப்பிள்ளை காரைக் காணோமே. ரொம்பப் பின்னால வாராவ போல" என்றார். அவர் குரலில் அத்தனை பெருமையை உமா கல்யாணமாகி இத்தனை வருடத்தில் கேட்டதில்லை.

தென்காசியைத் தாண்டி மேலகரத்துக்குள் நுழையும்போது மேற்கே மலைமேல் மேகம் இறங்கி, காற்றில் லேசாகக் குளிர் தட்டியது. வீடு வந்தது. உமா வேகத்தைக் குறைத்தாள், கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தாள். அப்புறம் நிறுத்தாமல் குற்றாலம் ரோட்டில் போய்க்கொண்டே இருந்தாள்.

"உமா, வீடு போயிட்டே" என்றார் கௌரிசங்கர்.

"தெரியும். சத்தம் போடாதீய."

வெள்ளைக்கார் வேகமாக வந்து பக்கத்தில் ஒட்டியது. ஹாரன் அடிக்கப்போன முத்துகுமரனுக்கு உமா உதட்டில் விரல் வைத்துக் காட்டி, வண்டியை ஓரம் கட்டினாள். எஞ்சினை அணைக்கவில்லை. "என்ன அத்தை? வண்டி நிக்க மாட்டேங்குதா?" என்று பதறிப்போய் ஓடி வந்தான் அவன். அவள் பின்சீட்டைக் காட்டினாள்.

குழலி ஒருக்களித்து, காலை நன்றாக நீட்டி, தலையணையை அணைத்துக்கொண்டு வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். வளையல் கை வயிற்றின் மேல் கிடந்தது.

முத்துகுமரன் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தான். நிமிர்ந்து, அவள் எழுந்துவிடாதபடி மெல்லச் சொன்னான். "இந்த மாசம் பிறந்ததுல இருந்து அவ கண்ணசரவே இல்ல அத்தை. பிரசவத்தை நினைச்சு ஒரே பயம். ராத்திரியெல்லாம் முழிச்சு உக்காந்திருப்பா, உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னுட்டா."

மகள் ஏன் அம்மா வண்டிதான் வேண்டும், அம்மாதான் ஓட்டணும் என்று பிடிவாதம் பிடித்தாள் என்பது உமாவுக்கு அப்போதுதான் விளங்கியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டாள்.

"விளக்கு வைக்க இன்னும் நேரம் கிடக்கு. ஐந்தருவி வரைக்கும் போயிட்டு வாரேன்" என்றாள்.

"மெதுவா போங்க அத்தை. நாங்க பின்னாலேயே வாரோம்" என்றான் முத்துகுமரன்.